அக்கிக்கு முதல் மூன்று நாள்

அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்வது நம் ஊர்களின் பழைய வழக்கம். குழைத்த காவி எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அக்கி வெறும் சூட்டுக் கொப்புளம் அல்ல. சின்ன வயதில் சின்னம்மை தந்த அதே வைரஸ், நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, எதிர்ப்புசக்தி குறையும்போது தலைதூக்குகிறது. அதனால்தான் உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு நரம்பின் வழியே பட்டையாகக் கொப்புளிக்கிறது.

குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் போட்டு எடுங்கள், வலி தணியும். கலமைன் லோஷன் அரிப்பைக் குறைக்கும். தளர்ந்த பருத்தி உடை போதும். உடைந்த கொப்புளத்தில் மட்டும் மண்ணோ பச்சிலையோ படவே கூடாது, சீழ் பிடித்துவிடும். சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கொப்புள நீர் படாமல் விலகியிருக்க வேண்டும்.

இவை ஆறுதல்தான். வைரஸை அடக்குவது மருத்துவர் தரும் மாத்திரை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். முதியவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். நெற்றியிலோ மூக்கிலோ கண்ணருகிலோ வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.