கைத்தொழிலும் சான்றிதழும்
(பங்கு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பெருங்குடியில் எழும்பியுள்ள மாடிக் கட்டடங்களில் வயரிங் வேலை செய்தவர்கள் இந்தப் பந்தலிலேயே அமர்ந்திருக்கிறார்கள். கூடாரம் தைத்த புனித சின்னப்பரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. இன்றோ கம்பெனி வாசலிலேயே கேட்கிறார்கள். இருபது ஆண்டு வேலை தெரிந்தவர் அங்கே தலைகுனிந்து திரும்புகிறார்.

இதற்கு வழி உண்டு. தமிழக அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு, வயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. பேரன் கேலி செய்வானே என்று தயங்க வேண்டாம்! எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள், சகோதரிகள் உட்பட, அந்தத் தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம்.

நம் திருச்சபைக்கு இது புதிய கவலை அன்று. படிப்பை இடையில் விட்டவர்களுக்குத் தொழிலும் சான்றிதழும் கிடைக்கவென்றே சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் 1996-ல் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. வகுப்போடு வேலைத்தலப் பயிற்சியும் அதில் ஒரு பாடம்.

காண்டிராக்டர்களாக இருக்கும் நம் பங்கினருக்கு ஒரு விண்ணப்பம். அனுபவச் சான்று கேட்டு வருபவரை "நாளைக்கு வா" என்று அனுப்பாதீர்கள். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என்னிடம் வேலை பார்த்தார் என்று எழுதி, கையெழுத்திட்டு, அன்றே கொடுங்கள். பத்து ஆண்டு உழைத்தவர் அந்த ஒரு தாளுக்காகப் பத்து நாள் கூலியை இழந்து அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.