பெயரில் எட்டு, மைக்குக்கு இரண்டு

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்கள் பள்ளிக்கு எந்தப் பொருளும் வரும். தவறாக வாங்கினால் திருப்பிக் கொடுக்கவும் அதே வளைவுகள்தான்.

கலைத் திருவிழாவுக்கு இசைக்குழு சேர்த்தோம். இரண்டு பாடகிகள், புல்லாங்குழல், கீபோர்டு, பறை. (பறைக்கு மைக் எதற்கு!) எட்டு சேனல் என்று நம்பி ஒரு மிக்சர் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் மைக் செருகும் மூன்று முள் துளை இரண்டே. மற்றவை கீபோர்டு, லேப்டாப்புக்கான லைன் துளைகள். புல்லாங்குழல் பையன் பாடகியின் மைக்கை ஒட்டி நின்று வாசித்தான். பறை முழங்கியதும் அவன் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. இறங்கி வந்தவன் என்னோடு பேசவே இல்லை.

அதனால் பெயரில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். மைக் துளைகளை எண்ணுங்கள். யமஹா எம்ஜி10-இல்கூட மைக்குக்கு நான்குதான். எங்களுக்கு அது போதும். டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் மின்சாரம் தேவையில்லை. கண்டென்சர் மைக்குக்குத்தான் வேண்டும். அனலாகே நல்லது: ஒவ்வொரு வேலைக்கும் தனித் திருகு இருப்பதால் பிள்ளைகளே பழகிக்கொள்கிறார்கள். உரக்கப் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு மின்னும்வரை கெயினைக் கூட்டி, பிறகு சற்றுக் குறைக்க வேண்டும். எங்கள் பள்ளியில் இப்போது அதைச் செய்வது அந்தப் புல்லாங்குழல் பையன்தான்.