பெண்களுக்கு வயது வரம்பு இல்லாத தொழிற்பயிற்சி

விசைத்தறிச் சேலைகளுக்குப் பேர்போன சங்கரன்கோவிலில், பிள்ளை பிறந்ததும் பல பெண்கள் வேலையை விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி வேலை தேடினால் வயதும் சான்றிதழும் குறுக்கே நிற்கும்.

இதில் வயதைக் குறுக்கே நிறுத்தாத இடம் தமிழக அரசின் தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.). ஆண்களுக்கு 40 வயது உச்சவரம்பு. பெண்களுக்கு வரம்பே இல்லை. இது பலருக்கும் தெரியாது என்பதுதான் வருத்தம். எட்டாம் வகுப்புத் தேறியவர் தையல் தொழில்நுட்பமும், பத்தாம் வகுப்புத் தேறியவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவும் படிக்கலாம். இரண்டுமே ஓராண்டுப் படிப்பு. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்தவருக்குக் கிடைப்பது நாடு முழுக்கச் செல்லும் தேசியத் தொழிற்சான்றிதழ். விண்ணப்பம் இணையவழி, சேர்க்கை பெரும்பாலும் கோடையில் தொடங்கும்.

வகுப்பு பகல் முழுக்க நடக்கும் என்பதால் பிள்ளையை யார் பார்ப்பது என்பதே பெரிய கேள்வி. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி உண்டு. ஆனால் அது மாலைவரை இராது. படித்து வேலைக்குப் போன பிறகும் இதே கேள்விதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சொன்னது. சின்னத் தறிக்கூடங்களுக்கு அது பொருந்தாது.