ராத்திரியோடு ராத்திரியாக வந்த ஓட்டு

1776-ம் வருஷம் ஜூலை 1-ம் தேதி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் காரசாரமான விவாதம். 'இங்கிலாந்து ராஜாவை உதறிவிட்டுத் தனி நாடாகிவிடலாமா?' என்பதுதான் கேள்வி.

13 குடியேற்றங்கள். குடியேற்றத்துக்கு ஓர் ஓட்டு. டெலவேரிலிருந்து வந்திருந்தது ரெண்டே பேர். தாமஸ் மெக்கீன் 'ஆகலாம்' என்கிறார்; ஜார்ஜ் ரீட் 'இப்போ வேண்டாம்' என்கிறார். டெலவேரின் ஓட்டு எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. மூன்றாவது ஆளான சீசர் ராட்னி டோவர் பக்கம் தன் ஊரில் இருந்தார்.

ராட்னி சாதாரண ஆள் இல்லை. பெரிய பண்ணைக்காரர். ராஜா ஆட்சியில் ஷெரீப், சட்டசபை சபாநாயகர் என்று பல பதவிகள் பார்த்தவர். கலகம் தோற்றால் எல்லாம் போகும், தலையும் போகும். போதாததற்கு ஆஸ்துமா, முகத்தில் புற்றுநோய் வேறு.

மெக்கீன் அவசரமாக ஆளனுப்பினார். ராட்னி கிளம்பிவிட்டார். சுமார் 80 மைல். இடி, மழை. மறுநாள் வந்து சேர்ந்தவர், காலில் குதிரைச் சவாரிப் பூட்ஸோடு நின்று ஓட்டுப் போட்டார். டெலவேர் விடுதலைப் பக்கம் சாய்ந்தது.

இன்னொன்றையும் சொல்லணும். விடுதலைக்கு ஓடிவந்த அவர் பண்ணையில் வேலை செய்தவர்கள் அடிமைகள். 2020-ல் வில்மிங்டனில் இருந்த அவர் சிலையை அகற்றினார்கள்.

சரி, 'வேண்டாம்' என்ற ஜார்ஜ் ரீட் என்ன ஆனார்? அப்புறம் அவரும் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பஸ் கிளம்பின பிறகு ஓடிவந்து ஏறுகிறவர்கள் சரித்திரத்திலும் உண்டு!