காய்ச்சல் வலிப்பு: அந்த ஐந்து நிமிடம்



காய்ச்சல் காயும் சின்னப்பிள்ளைக்குத் திடீரென்று கைகால் இழுத்து, கண் மேலே செருகி, நினைவு தப்பலாம். இதுதான் காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் தொடக்கம் ஐந்து வயது வரையான பிள்ளைகளில் 100 பேருக்கு 2 முதல் 5 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். பார்ப்பவருக்கு உயிர் போவதுபோல இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும், மூளையும் பழுதாவதில்லை. பயத்தில் நாங்கள் செய்யும் சில வேலைகள்தான் பிள்ளைக்குக் கேடு.

வலிப்பு வந்தால்:

• பிள்ளையை நிலத்தில் பாயில் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வடியும்.
• பக்கத்திலுள்ள விளக்கு, கதிரை, கல் போன்றவற்றை அகற்றுங்கள். இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள்.
• மணிக்கூட்டைப் பாருங்கள்.
• கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதையும் வாய்க்குள் வைக்காதீர்கள். பல் உடையலாம், மூச்சுக்குழாய் அடைக்கலாம்.
• இறுக்கிப் பிடிக்காதீர்கள். கையில் திறப்பையோ இரும்பையோ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை.

ஐந்து நிமிடம் தாண்டினாலோ, திரும்ப வந்தாலோ, மூச்சுவிடக் கஷ்டப்பட்டாலோ உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். முதல் தடவை வந்த வலிப்பென்றால், நின்ற பின்னரும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை தெளியாமல் மயங்கிக் கிடந்தால், கழுத்து விறைத்திருந்தால் அது மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். வயதை வைத்தல்ல, நிறையை வைத்தே அளவு: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அது பிள்ளையின் வேதனையைக் குறைக்கும். வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி அளவைக் கூட்டாதீர்கள். அஸ்பிரின், இபுபுரொபன் வேண்டாம்; டெங்கு என்றால் இரத்தக் கசிவு வரும். மெல்லிய உடுப்பு போடுங்கள், அடிக்கடி பால், கஞ்சி, இளநீர் பருக்குங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையென்றால் காய்ச்சல் கண்டவுடனேயே போங்கள்.

புதிதாகக் குடியேறிய இடத்தில் வைத்தியசாலை தூரமாக இருக்கலாம். இரவில் திறந்திருப்பது எது, யாருடைய ஓட்டோவைக் கூப்பிடலாம் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் நிறையைப் பார்த்து, மருந்தின் அளவையும் எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டைப் பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். வலிப்பு ஒருமுறை வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாரென்று தெரியாது. ஆகவே இங்கே கேட்டதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.