சீட்டில் இருக்கும் படமும் மனத்தில் இருக்கும் பாரமும்

கிளி ஜோசியம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கூண்டைத் திறந்தால் கிளி நடந்து வரும்; அடுக்கிலிருந்து ஒரு சீட்டை இழுத்துப் போடும்; ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பொதுவாக 27 சீட்டுகள், நட்சத்திரக் கணக்குக்கு. முருகன் வரலாம், மாரியம்மன் வரலாம், மாதாவும் வரலாம்.

இப்போது நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கும் டாரட் சீட்டும் இதற்கு ஒன்றுவிட்ட தங்கைதான். கிளி மட்டும் இல்லை. மொத்தம் 78 சீட்டுகள். பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்கு ஆட்டத்துக்காக உண்டானவை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் மக்கள் அவற்றை வைத்து விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், பிரான்சில்தான் அது பெரிய அளவில் குறி சொல்லும் சீட்டானது. இன்று பெரும்பாலும் புழங்கும் படங்கள் 1909-இல் லண்டனில் வெளிவந்தவை. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி.

சீட்டுக்கு எதிர்காலம் தெரியுமா? 2010-ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மணி என்ற கிளி பெரும் புகழ் பெற்றது. காலிறுதி ஆட்டங்களில் அது எடுத்த சீட்டெல்லாம் பலித்தது. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்து என்று எடுத்தது. வென்றது ஸ்பெயின். கிளியின் மேல் குற்றமில்லை. அதற்கு வேண்டியது நெல்மணி.

பிறகு ஏன் ஜோசியரிடம் போய் வந்தவர்கள், "மனசு லேசாச்சு" என்கிறார்கள்? அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டுக்காரரிடம் சொல்லாததை, மாமியாரிடம் சொல்ல முடியாததை, ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுகிறாள். பத்து நிமிடம் ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்கிறார். பலன் அங்கேதான் இருக்கிறது. அதற்கு அவள் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

டாரட்டில் 'பத்துக் கோல்கள்' என்று ஒரு படம். ஒருவன் பத்து நீளக் கோல்களைக் கட்டியணைத்துக்கொண்டு குனிந்து நடக்கிறான். கோல்கள் முகத்தை மறைக்கின்றன, வழி தெரியாது. வீடு எதிரே தெரிகிறது, அவன் கண்ணுக்குத்தான் படவில்லை. விறகுக்கட்டு சுமந்த நம் பாட்டிமாருக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டாம்.

இதை வைத்துக் குறி கேட்காதீர்கள். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பெயர் வையுங்கள். மோட்டார் சைக்கிள் தவணை ஒன்று. மூத்தவளின் படிப்பு ஒன்று. அப்பாவின் நீரிழிவு மருந்து ஒன்று. தோட்டத்தை விட்டு வெளியேறினால் எங்கே குடியிருப்பது என்பது ஒன்று. அது பெரிய கோல். கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்யும் மகன் சரியாகத் தூங்காதது ஒன்று. பெயர் வைத்த பிறகு பாருங்கள்: இதில் எதை இன்னொருவர் தூக்கலாம்? எதை இன்றைக்குத் தூக்க வேண்டியதே இல்லை? பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற கோலையும் சிலர் சுமக்கிறார்கள். அதைக் கீழே போடலாம்.

இன்னொரு படத்தின் பெயர் 'நிதானம்'. ஒரு தேவதை ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் தரையிலுமாக நின்று, ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு நீர் ஊற்றுகிறாள். நமக்குக் கிண்ணம் என்றால் பால்மரத்து மங்குதான் நினைவுக்கு வரும். மரம் சீவியவர்களுக்குத் தெரியும்: வழக்கமாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒரு மரத்தைச் சீவுவது. பேராசைப்பட்டு ஓய்வில்லாமல் சீவினால் பட்டை வறண்டு, உளி பட்டாலும் பால் வராது. மரத்துக்குக் கொடுக்கும் அந்த ஒருநாளை விடிகாலை எழுந்து சமைத்து, வேலைக்கும் போய், இரவு துணி துவைக்கும் தாய்க்கு எந்த வீட்டில் கொடுக்கிறோம்? உங்கள் வீட்டில் எந்த மங்கு நிரம்பி வழிகிறது, எது காய்ந்து கிடக்கிறது என்று இந்தப் படத்தைப் பார்த்து ஒரு தடவை கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பதின்மூன்றாம் சீட்டின் பெயர் 'மரணம்'. அதைக் காட்டிப் பயமுறுத்தி, பரிகாரத்துக்கு இவ்வளவு பணம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதேபோல், வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது சீட்டுக்கோ கிளிக்கோ உரிய காரியமல்ல. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். செத்தால் தேவலை என்று சொல்பவரைத் தனியே அனுப்பாதீர்கள். ஒருவர் கூடவே போங்கள்.

மற்றபடி சீட்டு வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் படம் போதும். சாப்பிட்ட பிறகு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அதை நடுவில் வையுங்கள். இதில் உனக்கு என்ன தெரிகிறது என்று ஆளுக்கு ஒருவராகச் சொல்லட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் புத்தி சொல்லக் கூடாது, குறிப்பாக அப்பாமார். பேசத் தயங்கும் பிள்ளையை அவசரப்படுத்தாமல் பாட்டியை முதலில் பேச விடுங்கள்.