தீயில் கறுத்த மிளகு



சேரநாட்டுத் துறைமுகமான முசிறியில் மிளகு கப்பலேறிய கதையை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். நம் மிளகு போய்ச் சேர்ந்த இங்கிலாந்தில் நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்தார்கள்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

735ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வடக்கே ஜாரோ மடத்தில், ஆங்கில மக்களின் வரலாற்றை எழுதிய பீட் என்ற துறவி சாகக் கிடக்கிறார். தம் பெட்டியில் இருந்ததைச் சக துறவிகளுக்குப் பங்கிடுகிறார். என்ன இருந்தது? கொஞ்சம் மிளகு, சில துணிகள், சாம்பிராணி. அவ்வளவுதான். ஒரு துறவியின் கடைசிச் சொத்தில் நம் மேற்கு மலை மிளகு இருந்தது, ஐயா!

ஆனால் அது எப்படி விளைகிறது என்று சொல்ல அங்கே ஆளில்லை. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சுவடி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியம் உள்ள அதே சுவடி. அதில் 'கிழக்கின் அதிசயங்கள்' என்று ஒரு பகுதி, படங்களோடு. தலையே இல்லாமல், மார்பில் கண்ணும் வாயுமாக ஒரு மனிதன் நிற்கிறான். மிளகுக்கும் கதை உண்டு. ஆட்டுக்கடாக் கொம்பு முளைத்த பாம்புகள் அதைக் காக்குமாம். தீ வைத்தால் பாம்புகள் மண்ணுக்குள் ஓடுமாம். அந்தத் தீயில்தான் மிளகு கறுத்ததாம்!

எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சை மிளகை அவர் கண்டதில்லை. பழைய லத்தீன் ஏடு சொன்னதை நம்பினார். என் வருத்தம் வேறு. மிளகு போய்ச் சேர்ந்தது. அதைப் பறித்தவனும் தங்களைப் போல ஒரு மனிதன் என்ற சேதி போய்ச் சேரவில்லை. தலையில்லாத அந்த உருவம் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகம் வரைக்கும் வந்துவிட்டது.

1583இல் ரால்ஃப் ஃபிட்ச் என்ற லண்டன் வணிகர் கப்பலேறினார். கோவா, ஆக்ரா, வங்காளம், பர்மாவின் பெகு எல்லாம் சுற்றிக் கொச்சிக்கு வந்தார். மிளகுக்கொடியைக் கண்ணால் பார்த்தார். தம் ஊர் ஐவிக்கொடி போலிருக்கிறது, பற்றி ஏற மரமோ கம்போ இல்லாவிட்டால் விழுந்து அழுகிவிடும், பறிக்கையில் பச்சை, வெயிலில் காயப்போட்டால் கறுக்கிறது என்று எழுதினார். பாம்பு இல்லை, தீ இல்லை. நம் வீட்டு முற்றத்து வெயில்!

1599இல் அவர் எழுதியது அச்சில் வந்தது. மறு வருஷம், கம்பெனி தொடங்க முனைந்த லண்டன் வணிகர்கள் அதே ஃபிட்சிடம் யோசனை கேட்டார்கள். 1600 டிசம்பர் 31இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசி எலிசபெத்தின் சாசனம் கிடைத்தது.